வீட்டுக்கு வராத ஆடிட்

திருப்பூரில் வீட்டு வேலைக்கு நம்பிக்கையான ஆள் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு,



அவிநாசி ரோட்டு அடுக்குமாடியானாலும் சரி, ராயபுரத்துத் தனி வீடானாலும் சரி, நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "நம்பிக்கையான ஆள் யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன்." கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காக நிற்கும்போது கேட்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் கம்பெனிக்குப் போகிற வீடு, வயதான மாமியார் பகலெல்லாம் தனியாக இருக்கிற வீடு, ஷிப்மெண்ட் நெருக்கத்தில் இரவு பதினோரு மணிக்கு வந்து சேர்கிற வீடு என்று தேவை உண்மையாகவே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரைப் படுக்கையறை வரைக்கும் விடுவது லேசான காரியம் இல்லை என்பதும் உண்மை. அந்தக் கவலையை மதித்துத்தான் எழுதுகிறேன்.

நான் ஏற்றுமதி கம்பெனிகளில் கம்ப்ளையன்ஸ் வேலை பார்த்தவள். பையர் அனுப்புகிற ஆடிட்டர் என்னென்ன கேட்பார் என்று உங்களில் பாதிப் பேருக்கு என்னளவுக்கே தெரியும். வயதுச் சான்று எங்கே, சம்பளப் பதிவேடு எங்கே, ஓவர்டைம் கணக்கு எங்கே, அவசர வழிக் கதவு பூட்டியிருக்கிறதா, கழிவறை சுத்தமா, குடிதண்ணீர் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதி ஆகியிருக்கிறதா, தொழிலாளி குறை சொல்ல வழி இருக்கிறதா. 1997-ல் எஸ்ஏ 8000 தரச்சான்று வந்ததிலிருந்து இந்தக் கேள்விகள் நமக்குப் பழக்கம். 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. அந்தக் கட்டடத்தில் இருந்த சில கம்பெனிகளும் ஆடிட் பார்க்கப்பட்டவைதான். ஆகவே காகிதம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வேலையிடம் எப்படி இருக்கவேண்டும் என்று இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்த ஆடிட்டர் கம்பெனி கேட்டோடு திரும்பிவிடுகிறார். நம் வீட்டு அடுப்படிக்கு அவர் வருவதில்லை. அங்கேயும் ஒரு பெண் கூலிக்கு வேலை செய்கிறார். அவருக்கு எத்தனை மணி நேரம் வேலை, லீவு உண்டா, வழுக்கி விழுந்தால் வைத்தியம் யார் பார்ப்பது என்று கேட்க ஆளில்லை. நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று தேடுகிற நாம், நம் வீடு ஒரு பெண் நம்பி வந்து வேலை செய்யக்கூடிய இடமா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றி.

திருப்பூரில் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது ஏன் கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கை, கால், கண் நன்றாக இருக்கிற பெண்ணுக்கு இங்கே பனியன் கம்பெனி வேலை இருக்கிறது. செக்கிங், கைமடி, பேக்கிங் எதுவானாலும் சனிக்கிழமை கையில் சம்பளம், பெரும்பாலான இடங்களில் இஎஸ்ஐ, பிஎஃப், தீபாவளிக்கு போனஸ். அதை விட்டு வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் யார்? ஒன்றரை ஷிப்ட் நிற்க முடியாத உடம்புக்காரர்கள். சின்னக் குழந்தையைப் பால்வாடியில் விட்டு மதியம் கூட்டிவர வேண்டியவர்கள். வருஷக்கணக்காக டியூப் லைட் வெளிச்சத்தில் ஓட்டை, கறை தேடித் தேடிக் கண் மங்கிப்போன செக்கிங் பெண்கள். ஆர்டர் குறைந்ததால் கம்பெனியில் "அப்புறம் கூப்பிடுறோம்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் இருந்து குடும்பத்தோடு வந்தவர்களும், இப்போது ஒடிசா, பீகார், அஸ்ஸாமிலிருந்து வந்தவர்களும் இதில் உண்டு. உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிற அக்கா பெரும்பாலும் நம் தொழில் ஒரு காலத்தில் வேலை வாங்கிக்கொண்ட பெண்ணாகவே இருப்பார். அது தெரிந்தால் பேச்சின் தொனியே மாறும் என்று நினைக்கிறேன்.

ஆள் வைப்பதா, கிளீனிங் கம்பெனியைக் கூப்பிடுவதா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைக்கு. தினமும் பாத்திரம் கழுவி, கூட்டித் துடைத்து, துணி காயப்போட ஒரு அக்காவை நேராக வைத்துக்கொள்வதே நல்லது. வீடு குடிபோகும்போதும் பொங்கலுக்கு முன்னாலும் ஒட்டடை, சன்னல், ஃபேன், பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டுமென்றால் கம்பெனி ஆட்களைக் கூப்பிடலாம். பெரிய நகரங்களில் இப்போது ஆப் வழியாகக் கால் மணி நேரத்தில் ஆள் வருகிறார். அர்பன் கம்பெனி 2025 மார்ச்சில் மும்பையில் அப்படி ஒரு சேவையை 'இன்ஸ்டா மெய்ட்ஸ்' என்ற பெயரில் தொடங்கி, எதிர்ப்பு வந்ததும் 'இன்ஸ்டா ஹெல்ப்' என்று பெயரை மாற்றியது. தொடக்கச் சலுகையாக மணிக்கு 49 ரூபாய் என்று விளம்பரம் செய்தார்கள். அவ்வளவு குறைந்த விலை வரும்போது அது யார் பங்கிலிருந்து வருகிறது என்று கேட்பது வாங்குகிறவரின் கடமை. பையர் பீஸுக்கு விலையை நசுக்கும்போது நாம் கேட்கிற கேள்விதானே அது?

கிளீனிங் கம்பெனியிடம் பேசும்போது ரேட்டை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எத்தனை பேர் வருவார்கள், என்னென்ன செய்வார்கள், எதைச் செய்யமாட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு பில் தருவார்களா? வருகிறவர்கள் கம்பெனியின் நிரந்தர ஆட்களா, அன்றைக்குக் காலையில் கூட்டிவந்தவர்களா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்து நடத்துகிற நிறுவனமென்றால் இஎஸ்ஐ எண் இருக்க வேண்டும். அதைக் கேட்டால் நல்ல கம்பெனி முகம் சுளிக்காது. டிவியோ கண்ணாடியோ உடைந்தால் பொறுப்பு யாருடையது என்று முன்கூட்டியே பேசுங்கள். உடைந்ததை அந்தப் பெண்ணின் கூலியில் பிடிக்கக்கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நாலாவது மாடி சன்னலுக்கு வெளிப்பக்கம் ஏறித் துடைக்கச் சொன்னால், பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஒருவரையும் ஏற விடாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையாகப் பார்த்து, குறை இருந்தால் அங்கேயே சொல்லிச் சரிசெய்துகொண்டு கொடுக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரம் எது என்றும் கேளுங்கள். காலை எட்டரைக்கு வந்தவர்கள் சாயங்காலம் வரைக்கும் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டுவிட்டு உங்கள் வீட்டு ஓவனைத் தேய்ப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உங்களாலும் முடியாது என்று நம்புகிறேன்.

நேராக ஆள் வைப்பதென்றால் விசாரிக்கத்தான் வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருபவரைப் பற்றி விசாரணைச் சான்று பெற வழி இருக்கிறது. அது அவர்மேல் வழக்கு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். மனுஷி எப்படி என்று முன்பு வேலை பார்த்த வீட்டாரிடம் ஐந்து நிமிஷம் பேசினால் அதைவிடக் கூடுதலாகத் தெரியும். பேசும்போது "கை சுத்தமா?" என்று மட்டும் கேட்காமல், "ஏன் நின்னாங்க, கடைசி மாசச் சம்பளம் கொடுத்தீங்களா?" என்றும் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே அந்த வீடும் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளலாம். ஒரிஜினல் ஆதாரையோ ரேஷன் கார்டையோ வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்வது அடமானம் பிடிப்பதற்குச் சமம். கம்பெனியில் ஆடிட்டர் கண்ணில் அது பட்டிருந்தால் ஆர்டரே போயிருக்கும்.

வயது விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனசு இல்லை. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பதை மத்திய அரசு 2006 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த வயதுப் பிள்ளையை எந்த வேலைக்குமே வைக்கக்கூடாது. நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: 18 நிறையாத பெண்ணை வீட்டோடு தங்கி வேலை செய்ய வைக்காதீர்கள். "பாவம், ஊர்ல சாப்பாட்டுக்குக் கஷ்டம், நம்ம வீட்ல நல்லா இருக்கட்டும்" என்கிற இரக்கத்தின் பேரில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. 2024 தீபாவளி சமயத்தில் சென்னை அமைந்தகரையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் வேலை செய்துவந்த பதின்பருவச் சிறுமி பிணமாகக் கிடந்தாள். கொலை வழக்குப் பதிவானது. கதவு சாத்திய வீட்டுக்குள் ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பக்கத்து ஃபிளாட்டுக்குத் தெரிவதில்லை. அப்படி ஒரு பிள்ளை உங்கள் மாடியில் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. யாரும் எழுத்தில் கேட்பதில்லை, வாய்ப்பேச்சில் கேட்கிறோம். "எந்த ஊரு?" என்று தொடங்கி "நீங்க என்ன ஆளுங்க?" என்று முடிகிற கேள்வி. கூட்டித் துடைக்க ஒருத்தர், சமையலறைக்குள் வர இன்னொருத்தர் என்று நாம் பிரிப்பதற்குப் பின்னால் இருப்பது அதுதான். தனி டம்ளர், பின்வாசல் வழி, வேலை செய்கிற வீட்டுக் கழிவறையைக் கழுவலாம் ஆனால் உபயோகிக்கக்கூடாது என்பது, லிஃப்டில் "வேலையாட்கள் பயன்படுத்த வேண்டாம்" என்று ஒட்டிய காகிதம். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்கிறது. கம்பெனி கேன்டீனில் இரண்டு விதத் தட்டு வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு மாடி ஏறி வருகிற ஐம்பது வயது அம்மாவின் முட்டியை நினைத்தாவது அந்தக் காகிதத்தை நாளைக்கே கிழித்துவிடுங்கள். சாதியை விசாரித்து ஆள் வைக்கிற வீட்டுக்கு நம்பிக்கையைப் பற்றிப் பேச உரிமை குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

சம்பளத்துக்கு வருவோம். தமிழக அரசு 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. தனிப் பயிற்சி தேவைப்படாத வேலைக்கு மணிக்கு 37 ரூபாய். வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்குப் பத்து சதவீதம் கூடுதல். தினமும் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்று கணக்குப் போட்டால் 1,924 ரூபாய் வருகிறது. இதைக் காட்டி யாரும் பேரம் பேசிவிடக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். அது தரைமட்டம், அதுவும் 2018-ன் தரைமட்டம். உங்கள் கம்பெனியில் கைமடிக்கிற பெண்ணுக்கு இன்றைக்கு ஒரு ஷிப்டுக்கு என்ன கூலி என்று எடுத்து எட்டால் வகுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வருகிற அக்காவுக்கு அதற்குக் குறைந்து கொடுக்க நியாயம் இருக்கிறதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கைமடிக்கிற பெண் ஒரே இடத்துக்குப் போய் வருகிறாள். இந்த அக்கா மூன்று வீட்டுக்கு நடக்கிறார். அந்த நடைக்கு யாரும் கூலி தருவதில்லை.

வேலைக்கு வரும் முதல் நாளே ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்னென்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், வாரத்தில் எந்த நாள் லீவு, பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் எத்தனை நாள், வருஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு உயர்வு, தீபாவளிக்கு என்ன. இருவரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளலாம். விருந்தாளி வந்தால் பாத்திரம் இரண்டு மடங்காகும். அன்றைக்கு என்ன தருவது என்பதையும் எழுதுங்கள், மனஸ்தாபம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உடம்புக்கு முடியாமல் வராத நாளுக்குப் பிடித்தம் செய்யாதீர்கள். நீங்கள் ஊட்டிக்கோ திருச்செந்தூருக்கோ போய் வீட்டைப் பூட்டிய நாளுக்கும் பிடிக்காதீர்கள், வேலை இல்லை என்று சொன்னது நீங்கள். வருஷ உயர்வைக் கேட்க வைக்காதீர்கள். விலைவாசிக்கு ஏற்றபடி பஞ்சப்படி வேண்டும் என்று 1984-ல் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. இன்றைக்கும் பனியன் தொழிலில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள். அரிசி விலை ஏறியதை நம் வீட்டு அக்கா தனியாக நின்று, தயங்கித் தயங்கி, அடுப்படி வாசலில் சொல்ல வேண்டியிருப்பது சரியில்லை.

இனி எல்லோர் மனசிலும் இருக்கிற பயம். நகை, பணம்.

சட்டம் இதில் யார் பக்கம் கவனமாக இருந்திருக்கிறது என்று பாருங்கள். 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று 381-ஆவது பிரிவு தனியாக இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 306-ஆவது பிரிவாக அப்படியே தொடர்கிறது. அந்த வேலைக்காரரின் வேலை நேரம், லீவு, பாதுகாப்பு பற்றி நாடு முழுமைக்கும் ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்று 1959-லிருந்து தனிநபர் மசோதாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2025 ஜனவரி 29-ல் உச்ச நீதிமன்றம் இதற்கென ஒரு சட்ட ஏற்பாட்டை ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. உங்கள் பொருளுக்குக் காவல் போட்ட சட்டம் அவருடைய உழைப்புக்கு இன்னும் காவல் போடவில்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

ஒரு வளையல் காணவில்லை. உடனே யார் ஞாபகம் வருகிறது? வீட்டுக்கு வந்துபோகிற எலக்ட்ரீஷியன், கேஸ் போடுகிறவர், மைத்துனர், பிள்ளையின் நண்பர்கள் என்று பத்துப் பேர் இருந்தாலும் முதல் பெயர் அக்காவுடையது. கூப்பிட்டு நிற்க வைத்து, சத்தியம் பண்ணச் சொல்லி, பையைக் கொட்டி, முந்தானையை உதறச் சொல்லி, அண்டை வீட்டார் பார்க்க நடக்கிற விசாரணை அது. மூன்று நாள் கழித்து வளையல் சோபா இடுக்கிலோ அயர்ன் பண்ணக் கொடுத்த சட்டைப் பையிலோ கிடைத்தால், அந்த அக்காவிடம் போய் யாரும் சொல்வதில்லை. அவர் அதற்குள் அந்தத் தெருவிலேயே நாலு வீட்டு வேலையை இழந்திருப்பார்.

2017 ஜூலையில் நொய்டாவில் மகாகுன் மாடர்ன் என்கிற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. வீட்டு வேலை செய்த ஒரு பெண் பணம் எடுத்ததாக வீட்டார் சொன்னார்கள். தன்னை அடைத்து வைத்ததாக அந்தப் பெண் சொன்னார். இரவு அவர் வீடு திரும்பவில்லை. விடிந்ததும் உறவினரும் உடன் வேலை செய்பவர்களுமாகக் கூட்டம் வாசலை உடைத்து உள்ளே போனது, கல் பறந்தது, கைது நடந்தது. அதன் பிறகு அங்கே வங்காளம் பேசுகிற எத்தனையோ பேருக்கு, அந்தச் சம்பவத்தில் ஒரு பங்கும் இல்லாதவர்களுக்கும், வேலை மறுக்கப்பட்டது. ஒரு வீட்டுச் சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வடமாநிலத்துப் பெண் என்றாலே சந்தேகமாகப் பார்க்கும் பேச்சு நம் ஊரிலும் இருக்கிறது. நம் கம்பெனிகளில் பாதி மெஷின் யார் கையால் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டே அப்படிப் பேசுகிறோம்.

செய்யக்கூடியது எளிது. நகையையும் பெரிய தொகையையும் பூட்டி வையுங்கள், சாவியைக் கண்டபடி போடாதீர்கள். இது அந்த அக்காவுக்கும் பாதுகாப்பு. ஏதாவது காணோம் என்றால் முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் போலீஸில் புகார் கொடுங்கள், விசாரிக்க வேண்டியது அவர்கள். நீங்களோ செக்யூரிட்டியோ ஒரு பெண்ணின் உடம்பைத் தொட்டுச் சோதிக்கவோ, அறையில் அடைத்து வைக்கவோ உரிமை இல்லை. அடைத்து வைத்தால் அதுவே குற்றம். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லவும் சட்டம் இடம் தரவில்லை, அவரை அவருடைய இருப்பிடத்தில்தான் விசாரிக்க வேண்டும். கேமரா வைக்கிறீர்களா? ஹாலில் வைப்பதானால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வையுங்கள். ஒளித்து வைத்த கேமராவோடு நம்பிக்கை ஒரே வீட்டில் இருக்காது. வீட்டு ஆண்களிடமும் ஒரு வார்த்தை: 2013-ன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் வேலையிடமாகச் சேர்த்திருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்க முடியும். இதை அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்ல தொடக்கம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் சுத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. நல்ல தண்ணி ஒரு குழாய், உப்புத் தண்ணி ஒரு குழாய் என்று வாழ்கிறோம். போர் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை படிகிறது. நொய்யலும் நிலத்தடி நீரும் சாயக்கழிவால் கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை உங்களுக்குத் தெரிந்ததே. அந்த உப்புக் கறையை டைல்ஸிலிருந்தும் குழாயிலிருந்தும் எடுக்க வீட்டுக்கு வீடு ஆசிட் வாங்குகிறார்கள். "நல்லா பளிச்னு ஆகோணும்" என்று சொல்லிப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு நாம் ஹாலுக்கு வந்துவிடுகிறோம். கையுறை இல்லை, எக்ஸாஸ்ட் ஓடவில்லை, கதவு பாதி சாத்தியிருக்கிறது. நுரை வரட்டும் என்று அதோடு பிளீச்சிங் பவுடரையும் போட்டால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆயுதமாக வீசப்பட்ட அதே வாயு. கண் எரிந்து, மூச்சு அடைத்து, ஆஸ்துமா இருப்பவருக்கு உயிருக்கே ஆபத்தாகும். பஞ்சுத் தூசியில் பல வருஷம் வேலை செய்து நுரையீரல் ஏற்கெனவே நொந்துபோன பெண்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே நாளில்கூட ஒரே பாத்ரூமில் பயன்படுத்தாதீர்கள். உப்புக் கறைக்கு வினிகரோ எலுமிச்சை உப்போ போட்டு அரைமணி ஊறவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். மார்பிள், கிரானைட்டில் மட்டும் அதுவும் வேண்டாம், கல்லின் மெருகு கெட்டுவிடும். நீளக் கையுறை ஒரு ஜோடி, வழுக்காத செருப்பு ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். பத்து பீஸ் பனியன் விலைகூட ஆகாது.

செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் ஆளை இறக்கவே கூடாது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ன் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஒருவரை இறங்க வைத்தால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். "கொஞ்ச நேரந்தான், நாங்க பாத்துக்கறோம்" என்று கிளீனிங் ஆள் சொன்னாலும் வேண்டாம். செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420-க்குக் கூப்பிட்டால் லாரி வைத்து எடுப்பார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு இஎஸ்ஐ கிடையாது. கம்பெனியில் கை தைத்துக்கொண்டவர் போகிற 100 படுக்கை இஎஸ்ஐ மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது, உங்கள் பாத்ரூமில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டவர் அங்கே போக முடியாது. அவருக்கென்று இருப்பது 1982-ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007-ல் அமைத்த தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியம். 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, பிரசவ உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு, 60-க்குப் பிறகு ஓய்வூதியம். பதிவு செய்யாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். அரை நாள் கூலியை விட்டு அலுவலகம் போக வேண்டியிருப்பதும், யார் வீட்டில் வேலை என்று எழுதித் தர வீட்டுக்காரர் தயங்குவதும் காரணம். அந்தக் கையெழுத்தால் உங்களுக்கு எந்த வில்லங்கமும் வராது. தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புப் பிரிவுக்கு அக்காவைச் சம்பளத்தோடு ஒரு நாள் அனுப்பிவையுங்கள். முடிந்தால் வண்டியில் கூட்டிப்போங்கள். வாரிய அட்டை வரும்வரைக்கும், தபால் நிலையத்திலோ வங்கியிலோ வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற விபத்துக் காப்பீட்டை எடுத்துக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் செய்வதைவிடக் குடியிருப்புச் சங்கங்கள் எடுத்துச் செய்தால் வேலை வேகமாக நடக்கும். பெல்ஜியத்தில் 2004 முதல் ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்காரர் அரசு மானியத்தோடு கூப்பன் வாங்குகிறார். அங்கீகரிக்கப்பட்ட ஒரு நிறுவனம் சுத்தம் செய்ய ஆளை அனுப்புகிறது. அந்த ஆளுக்கு அந்த நிறுவனத்தில் ஒப்பந்தம், காப்பீடு, விடுப்பு எல்லாம் உண்டு. நம் ஊரில் அரசு அப்படிச் செய்ய நாளாகலாம். ஆனால் மகளிர் சுய உதவிக் குழுக்கள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அகமதாபாத்தில் சேவா என்கிற பெண் தொழிலாளர் அமைப்பின் பெண்கள் தாங்களே கூட்டுறவு அமைத்து வீட்டுச் சேவைகளுக்குப் போகிறார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் கொண்ட ஒரு குழுவோடு நூறு வீடுகள் உள்ள ஒரு சங்கம் வருஷ ஒப்பந்தம் போட்டால், ஒருவர் லீவு எடுத்த நாளில் இன்னொருவர் வருவார், ரேட் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும், பிரச்சினை வந்தால் பேச இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். நம்பிக்கையான ஆள் கிடைப்பாரா என்று தனித்தனியாகத் தவிப்பது பெருமளவு குறையும்.

மார்கழி பிறந்தால் பொங்கல் சுத்தத்துக்கு ஆள் தேட ஆரம்பித்துவிடுவோம். அதற்கு முன்னால் உங்கள் சங்கக் கூட்டம் ஒன்று நடக்கும். பார்க்கிங், லிஃப்ட் பராமரிப்பு, தண்ணி லாரிக் கணக்கு என்று அஜெண்டா போடும்போது இதையும் சேருங்கள்: வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு கழிவறை, உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம், எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு ஒப்பந்தத் தாள், வாரியப் பதிவுக்கு ஒரு நாள் முகாம். அந்தக் கூட்டத்துக்கு அங்கே வேலை செய்கிற அக்காக்களில் இரண்டு பேரையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர்கள் சொல்வதையும் மினிட்ஸில் எழுதுங்கள். ஒப்பந்தத் தாளை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். எந்தச் சங்கமானாலும் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
கம்பெனிக்குள் ஆடிட் பார்த்துப் பழகிய உங்கள் ஊர்க்காரி
திருப்பூர்